முதல் ரவுண்டில் யார் உட்காருவது?

“இதை மாட்டு, இல்லேன்னா வேலையை விட்டுப் போ!” என்று முதலாளி பொன்னுரங்கம் கத்தினார்.

அவர் மச்சான் மலிவாக வாங்கிவந்த, சக்கரத்தைத் தாங்கிப்பிடிக்கும் சஸ்பென்ஷன் ஆர்ம் பளபளத்தது. பளபளத்து என்ன, வெல்டிங்கில் ஓட்டை. பந்தயத்தில் டிரிஃப்ட் கார் வழுக்கித் திரும்பும்போது அது முறிந்தால் டிரைவர் காலி. மெக்கானிக் ஜெபசீலி, அதே விலைக்குப் பழைய இரும்புக்கடையில் தேடியெடுத்த கம்பெனி ஆர்மைக் காட்டினாள்.

“துருப்பிடிச்சதா? அசிங்கம்!”

“மேல்துருதான் முதலாளி. ஆனா நம்ம ஷெட் வழக்கப்படி, பார்ட் வாங்கினவங்கதான் முதல் ரவுண்டுல டிரைவர் பக்கத்துல உட்காரணும். என்னுதுன்னா நான் ரெடி.” ஹெல்மெட்டை, பக்கத்தில் நின்ற மச்சானிடம் நீட்டினாள்.

“எனக்கு இடுப்புவலிம்மா. மாமா உட்காருவாரு!”

மாமா பொன்னுரங்கம் இரண்டடி பின்னால் போனார். “சரி, துருவையே மாட்டு. பெயின்ட் அடிச்சு, மச்சான் வாங்கினதுன்னு சொல்லிடு.”

ஜெபசீலி மாட்டினாள். பெயின்ட் அடிக்கவில்லை.