பேப்பரில் வந்த நம்பர்

வெள்ளாற்றங்கரை ஆசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு. அங்கேயே தங்கிவிட வருகிறவர், காவி வாங்குவதற்கு முன், தான் பள்ளி, கல்லூரியில் படித்து முடித்த கதையை ஆசிரமத் தலைவரான சாமியின் எதிரே உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்தால் அதோடு சரி. பிறகு அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

ஏன் படிப்பு மட்டும் என்று கேட்டால் சாமி சிரிப்பார். "வீடு வாசலைக்கூட விட்டுட்டு வந்துடறாங்க. வாங்கின மார்க்கை விட மாட்டேங்கறாங்களே" என்பார்.

பூவராகன் கல்லூரியில் வேதியியல் நடத்திவிட்டு, வேலையை விட்டு வந்தவர். சாமியைவிட வயதில் மூத்தவர். சின்னவர் காலில் விழ வேண்டியிருக்கிறதே என்று முதலில் கொஞ்சம் வயிறு எரிந்தது. அது அடங்கிவிட்டது. அவருக்குப் பின்னால் வந்த பேங்க் மேனேஜர் ஒருவர், போன மாதமே கதையைச் சொல்லிக் காவியும் கட்டிக்கொண்டு பூப்பறிக்கக் கிளம்பியதுதான் அடங்கவில்லை. மனிதர் காவியில் எடுப்பாக வேறு இருந்தார்.

ஒருநாள் காலை சாமியே கூப்பிட்டார். புளியம்பழம் மலையாகக் குவிந்திருந்தது. சாமி ஓடு உடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் காவித் துணி மடித்து வைத்திருந்தது. பூவராகன் முதலில் பார்த்தது அதைத்தான்.

"உக்காருங்க வாத்தியாரே. சொல்லுங்க."

"எங்கேருந்து சாமி?"

"எங்க ஆரம்பிச்சதோ, அங்கேருந்து."

பூவராகன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆறாவதுல தணிகாசலம்னு ஒருத்தன் வந்து சேந்தான் சாமி."

"அதுக்கு முன்னால?"

"அதுக்கு முன்னால ஒண்ணும் இல்லைங்க. முதல் ரேங்க்தான்."

சாமி ஒரு ஓட்டை உடைத்தார்.

தணிகாசலம் வந்தான், முதல் ரேங்க் போனது. தலைமை ஆசிரியர் அவனுக்கு ஆண்டுவிழா மேடையில் பேனா கொடுத்தார். பச்சை நிறம், தங்க மூடி. இரண்டு நாள் அதைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு திரிந்தான். பூவராகன் சொல்லச் சொல்ல முகம் சிவந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பேனாவின் மீது ஆசை இருந்தது.

"அப்புறம் பத்தாவது ரிசல்ட் வந்துது. அப்பல்லாம் பேப்பர்லதானே சாமி வரும், வெறும் நம்பரா. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பேப்பர் கட்டைப் பிரிக்கறதுக்குள்ள அத்தனை கூட்டம். ஒருத்தர் தோள் மேல ஏறிக்கிட்டுத் தேடினேன்."

"இருந்துதா?"

"இருந்துது சாமி. அவன் நம்பர் இருந்துது. நின்ன நிலையிலயே வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது."

"உங்க நம்பர்?"

பூவராகன் யோசித்தார்.

"இருந்திருக்கும். பாஸ் பண்ணினேனே."

பூவராகனின் கதை பல்கலைக்கழகத்துக்கு வந்தது. அங்கேயும் தணிகாசலம் வந்துவிட்டான். ஒரே விடுதி, எதிரெதிர் அறை. அவன் அறையில் விளக்கு அணையும் வரை இவர் அணைக்க மாட்டார். கண் சொருகும், புத்தகம் நழுவும், அவன் ஜன்னலைப் பார்த்துவிட்டு மறுபடியும் எடுப்பார்.

"செய்முறைத் தேர்வுல ஆளுக்கு ஒரு உப்பு குடுப்பாங்க சாமி, என்னான்னு கண்டுபிடிக்கணும். அவனுக்கு வந்தது ஈயம். கண்ணைக் கட்டிக்கிட்டே சொல்லலாம். அதிர்ஷ்டக்காரன்."

"உங்களுக்கு?"

"என்னவோ ஒண்ணு வந்துது."

கடைசியில் பட்டமளிப்பு விழா. தங்கப்பதக்கம் யாருக்கு என்று சொல்லவே வேண்டாம். மண்டபமே கைதட்டியது. தணிகாசலத்தின் அங்கி தோளில் சரிந்ததும், அவன் மேடைப்படியில் லேசாகத் தடுக்கியதும் பூவராகனுக்கு நேற்று நடந்ததுபோல் இருந்தது. விழுந்து தொலைக்கட்டும் என்று அன்று நினைத்ததையும் மறைக்காமல் சொன்னார்.

"அவங்க அப்பா நாலாவது வரிசையில இருந்தாரு. துண்டால வாயைப் பொத்திக்கிட்டு அழுதாரு சாமி. அப்படி ஒரு அழுகை."

"உங்க அப்பா வந்திருந்தாரா?"

"வந்திருந்தாரு. முந்தின நாளே பஸ் ஏறி வந்துட்டாரு."

"நீங்க பட்டம் வாங்கறப்ப அவரு என்ன பண்ணினாரு?"

பூவராகன் ஒரு புளியம்பழத்தை எடுத்தார். உடைக்காமல் திரும்பப் போட்டார்.

"கவனிக்கலை சாமி."

"அப்புறம் கேட்டுக்கலாமே."

"அவரு போயிச் சேந்து வருஷக்கணக்கு ஆச்சு."

பூவராகன் அவசர அவசரமாக மிச்சத்தைச் சொன்னார். தணிகாசலம் இப்போது வடக்கே பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் இயக்குநர். மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. இடது முழங்காலில் ஆபரேஷன். சொல்லி முடித்ததும் உடம்பே லேசானதுபோல் இருந்தது.

"அவ்வளவுதான் சாமி. ஒளிவு மறைவு இல்லாம, பொறாமை உள்பட எல்லாத்தையும் கொட்டிட்டேன். கவனிச்சீங்களா, ஒரு இடத்துலகூட என்னைப் பத்திப் பெருமையா ஒரு வார்த்தை பேசலை. அந்த மேனேஜர் அரை நாளு தன் பிரதாபத்தையே பேசினாராமே?"

"ஆமா, பேசினாரு."

பூவராகன் இரண்டு கையையும் துணிக்காக நீட்டினார்.

சாமி கையிலிருந்த புளியைத் தட்டில் போட்டார்.

"தணிகாசலம் படிச்சு முடிச்ச கதை ரொம்ப நல்லா இருந்துது. ஒண்ணு விடாம சொன்னீங்க. இப்ப உங்க கதையைச் சொல்லுங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது. சாமி விளையாடுகிறார் என்றுதான் பூவராகன் முதலில் நினைத்தார். சாமி சிரிக்கவில்லை. தன் நம்பர் என்ன, தனக்கு வந்த உப்பு எது, மேடையேறும்போது கால் நடுங்கியதா என்று அவர் தேடிப் பார்த்தார். தேடிய இடத்திலெல்லாம் தணிகாசலம் நின்றுகொண்டிருந்தான். அப்பாவின் முகத்தைத் தேடினார். நாலாவது வரிசைக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணிலும் நீர் கோத்தது.

"நான்கிறதை விடறதுக்குத்தானே சாமி எல்லாரும் இங்க வராங்க? தினம் நீங்க சொல்றதும் அதானே? இப்ப நீங்களே அதைக் கேட்டா எப்படி?"

"விடலாம் வாத்தியாரே. இல்லாததை எப்படி விடுவீங்க? போயி எடுத்துக்கிட்டு வாங்க."