சில்வண்டு பாட்டை நிறுத்திய மாலை

"நாளைக்குக் காலையில நான் கிளம்புறேன் அம்மா" என்றாள் ஆவுடையம்மாள்.

மடத்துக்குப் பின்னால் புல்தரையில் உட்கார்ந்திருந்த குரு மெய்யம்மை நிமிர்ந்து பார்த்தாள். சிஷ்யை ஆவுடையம்மாளைவிட வயதில் இளையவள். அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"எங்க போறீங்க அக்கா?"

"தெரியலை. போயாகணும்."

ஆவுடையம்மாள் முதலில் படுக்கையில் விழுந்த கணவனைப் பார்த்துக்கொண்டாள். பிறகு மாமியாரை. இருவரும் போய்ச் சேர்ந்தபின் ஞானம் தேடி இங்கே வந்தாள். இங்கேயும் நோயாளிகள். துடைத்தாள், ஊட்டினாள், புரட்டிப் படுக்கவைத்தாள்.

ஞானம் வரவில்லை. இடுப்புவலி வந்தது.

"எல்லாருமாச் சேர்ந்து என்னைத் தின்னுட்டாங்க. இனிமே எங்கிட்ட ஒண்ணும் மிச்சமில்லை."

மெய்யம்மை புல்லை விலக்கிக் காட்டினாள்.

தரையில் ஓர் ஆண் சில்வண்டு. சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும். சிறகை உரசிப் பாடிக்கொண்டிருந்தது. பாட்டைக் கேட்டுப் பெண் வண்டு ஒன்று வந்தது. வந்து, ஆணின் பின்னங்கால் முள்ளைக் கடித்து, கசிந்ததைக் குடித்தது.

ஆண் அசையாமல் நின்றது.

"அதுக்கு வலிக்காதா?"

"எங்கிட்டச் சொன்னதில்லை."

ஆவுடையம்மாளுக்குச் சுருக்கென்றது.

"புரியுது. நானும் இப்படியே நின்னு கொடுத்துக்கிட்டே இருக்கணும். அதானே? எங்க மாமியாரும் இதைத்தான் சொன்னாங்க."

"நான் ஒண்ணும் சொல்லலையே. பாருங்க."

குடித்த வண்டு போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு பெண் வண்டு வந்து, மீசையால் ஆணைத் தடவிப் பார்த்தது.

ஆண் காலை உதறியது. காய்ந்த இலை ஒன்றுக்கு அடியில் நுழைந்துகொண்டது.

வந்த பெண் வண்டு இலையைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போயிற்று.

வெயில் தாழ்ந்தது. பாட்டு கேட்கவில்லை.

"உள்ளே என்ன பண்ணுது?" என்றாள் மெய்யம்மை.

ஆவுடையம்மாள் குனிந்து பார்த்தாள்.

"சும்மா கிடக்கு."

"யாருகிட்ட உத்தரவு கேட்டுச்சு?"



அப்போது நோயாளிகள் அறையிலிருந்து ஒரு கிழவரின் குரல் வந்தது.

"ஆவுடையக்கா, தண்ணி!"

அவள் கை தானாகத் தரையில் ஊன்றியது. பாதி எழுந்துவிட்டாள். மெய்யம்மை அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்து, தானே அறையை நோக்கி நடந்தாள்.

"ஆவுடையக்கா இல்லையா?" என்றது குரல்.

"இல்லை" என்றாள் குரு.