ஏகாம்பரத்தின் சர்க்கார் முகம்

புளியம்பேட்டு ஏகாம்பரத்துக்கு வாயை மூடத் தெரியாது. சாவு வீட்டில்கூடப் பல் தெரியத்தான் நிற்பார். பினாங்கில் இருக்கும் மகளுக்குப் பிள்ளை பிறந்த சேதி வந்ததும் அந்த வாய் காது வரைக்கும் போய்விட்டது. பேரனைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும், அதுதான் அவருக்கு ஒரே ஆசை. பாஸ்போர்ட்டோ காலாவதியாகிக் கிடந்தது.

புதுப்பிக்கப் போனபோது பக்கத்து வீட்டுச் சிகாமணியும் எதிர்வீட்டுத் துளசிங்கமும் துணைக்குப் போனார்கள். மூன்று தலை சேர்ந்தால் ஒரு மூளையாவது தேறும் என்று ஊர் நம்பியது. பாவம் ஊர்.

"பழைய பாஸ்போர்ட் பத்திரம், யார் கேட்டாலும் குடுத்துடாதீங்க" என்று விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவர் சொல்லியிருந்தார். ஆபீசில் அதிகாரி கேட்டார். ஏகாம்பரம் கொடுக்கவில்லை. அதட்டினார். அப்போதும் கொடுக்கவில்லை. கடைசியில் அதிகாரி கேட்பதையே விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்தார். உடனே ஏகாம்பரம் மரியாதையாக எடுத்து நீட்டினார்.

அடுத்தது போட்டோ. எடுத்த பெண் சொன்னாள்: "சிரிக்காதீங்க ஐயா. போட்டோவும் முகமும் ஒண்ணா இருந்தாத்தான் ஏர்போர்ட்ல விடுவாங்க."

ஏகாம்பரம் பிறந்து முதல்முறையாக உதட்டை இறுக்கினார். வெளியே வந்தும் விடவில்லை.

"இது இனிமே உன் முகம் இல்லப்பா, சர்க்கார் முகம்" என்றார் துளசிங்கம். "கலைச்சுடாதே."

அன்றிலிருந்து அவர் சோற்றைக்கூட மெல்லாமல் விழுங்கினார்.

விசாரணைக்கு ஏட்டையா வந்தார். "இவரைத் தெரியுமா? உண்மையைச் சொல்லணும்."

சிகாமணி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எங்க ஏகாம்பரம் எப்பவும் இளிச்சுக்கிட்டே இருப்பாருங்க. இந்த உம்மணாமூஞ்சியை நான் பார்த்ததே இல்ல."

ஏகாம்பரம் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். சிரித்தால் போட்டோ போச்சு, சிரிக்காவிட்டால் சாட்சி போச்சு. எப்படிப் பார்த்தாலும் பேரன் போய்விட்டான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"ஐயையோ, முகம் நனையுது!" என்று அலறிய துளசிங்கம் துண்டால் ஒற்றினார். சிகாமணி ஓடிப்போய் விசிறி கொண்டுவந்து வீசினார்.

"தெரியாத ஆளுக்காய்யா இந்த உபசாரம்?" என்று ஏட்டையா வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டு போனார்.

பாஸ்போர்ட் வந்தது. பத்து வருஷத்துக்குச் செல்லும் என்று அதிலேயே போட்டிருந்தது. ஏகாம்பரம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "பத்து வருஷம் சிரிக்காம பேரனை எப்படிப்பா கொஞ்சுவேன்?"

நண்பர்கள் போட்டோவை வெயிலில் பிடித்து ஆராய்ந்தார்கள்.

"இது நெஞ்சோட முடிஞ்சுடுதே" என்றார் சிகாமணி.

"ஆமா. அதுக்குக் கீழ சர்க்காருக்கு ஏது அதிகாரம்?" என்றார் துளசிங்கம்.

பினாங்கில் மகள் பிள்ளையைக் கையில் கொடுத்தாள். ஏகாம்பரத்தின் முகம் அசையவில்லை. தொப்பை மட்டும் சிரித்த சிரிப்பில் பேரன் மேலும் கீழும் குதித்துக்கொண்டிருந்தான்.