கோலைப் பிடுங்கிய தலைவர்

பஸ் ஸ்டாண்டில் இசக்கி நடத்திவந்த பெட்டிக்கடையைத் தன் மச்சினனுக்குப் பிடுங்கித் தரப் பார்த்தார் ஊர்த்தலைவர் நல்லபெருமாள். பார்வையில்லாதவன் என்றுதானே அவனுக்குக் கடை கொடுத்தார்கள்? பார்வை இருக்கிறது என்று ஆக்கிவிட்டால் போதும்.

ஊர் பார்க்க, இசக்கியின் வெள்ளைக்கோலை வெடுக்கென்று பிடுங்கினார். சந்து சந்தாகச் சுற்றி இழுத்துப்போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"குருடன் வேசமால போடுத? நேரா நட. முன்னால ஒண்ணும் கெடையாது, வெறுந்தரைதான். நின்னேன்னா ஒனக்குக் கண்ணு தெரியுதுன்னு அர்த்தம். கடையக் காலி பண்ணிரணும்."

இசக்கி காலெடுத்தான். எதிரே ஆழத்தில் மாடப்புறா சிறகடித்தது. குளிர்ந்த காற்று முகத்தில் ஏறியது. சுற்றுச்சுவர் இல்லாத மொட்டைக் கிணறு! நடந்தால் சாவு, நின்றால் பிழைப்பு போச்சு. பின்னாலேயே வந்த ஊரும் தலைவருக்குப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

இசக்கி தடவித் தடவித் தலைவரின் முழங்கையைப் பிடித்தான்.

"அய்யா, கோல் இல்லாட்டா நாங்க இப்படித்தான். கண்ணு தெரிஞ்சவுக முன்னால போவாக, நாங்க கையப் பிடிச்சுப் பின்னால போவோம். நடங்க."

தலைவர் நகரவில்லை.

"ஒண்ணும் கெடையாதுன்னியளே, நடங்கய்யா!" என்று இசக்கி லேசாக நெட்டினான்.

"ஏலே, தள்ளாதல! கெணறு! கெணறு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இசக்கி பிடித்த முழங்கையை விடாமல் மறுகையை நீட்டினான்.

"அப்பம் என் கோலைக் குடுங்கய்யா," என்றான். "கெணறு இருந்தா அது முன்னாலயே சொல்லீரும்."