மாஸ்டருக்கு ஓர் அண்டா தூக்கம்

பினாங்கில் தமிழர் தெருவில் வைரக்கண்ணு என்று ஒரு சமையல் மாஸ்டர் இருந்தார். ஆயிரம் பேர் கல்யாணம் என்றாலும் அசராமல் சமைப்பார். ஆனால் பாவம், எட்டு நாளாக மனுஷனுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை.

தூக்கம் கெட்டால் கை எங்கே சொன்ன பேச்சைக் கேட்கும்? போன வாரக் கல்யாணத்தில் பாயசத்தில் உப்பைக் கொட்டிவிட்டார். மாப்பிள்ளையின் முகம் போன போக்கை நானே பார்த்தேன். நாளைக்கு ஜவுளிக்கடை நல்லபெருமாளின் மூத்த மகள் கல்யாணம்.

"மாஸ்டர், நாளைக்கும் இப்படி ஏதாவது ஆச்சுன்னா, அப்புறம் இந்த ஊர்ல உமக்கு அடுப்பே கிடையாது" என்று நல்லபெருமாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அதனால் மாஸ்டர் காலையிலேயே பக்கத்துத் தெருச் சீன வைத்தியரிடம் ஓடினார். கூடவே அவருடைய கையாட்கள் ஒச்சப்பன், அம்மாசி, கருத்தமுத்து மூன்று பேரும் போனார்கள். மூவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. வெங்காயம் உரிப்பதில் புலிகள். மற்றதில் எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கதை.

வைத்தியர் நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். சின்னச் சின்ன இழுப்பறைகளைத் திறந்து இலந்தைக் கொட்டை, அதிமதுரம், ஏதோ வேர், ஏதோ காளான் வில்லை என்று நிறுத்துப் போட்டு ஒரே ஒரு பொட்டலம் கட்டினார். தமிழர் தெருவை ஒட்டியே முப்பது வருஷம் இருந்தவர், நம்மைப் போலவே தமிழ் பேசுவார்.

"மூணு கிண்ணம் தண்ணி ஊத்தி ஒரு கிண்ணமா வத்த வைங்க. தூங்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி கொடுங்க. அவ்வளவுதான்" என்றார்.

இதில் தப்புப் பண்ண என்ன இருக்கிறது என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாஸ்டர் கல்யாண மண்டபத்து அடுப்படியை ஒட்டிய அறையில் போய்ப் படுத்துக்கொண்டார். மூவரும் பொட்டலத்தை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"ஒரே ஒரு ஆளுக்குச் சமைக்கணுமாமே. நீ சமைச்சிருக்கியா?" என்றான் ஒச்சப்பன்.

"நானா? நூறு பேருக்குக் குறைஞ்சா எனக்குக் கையே வராது" என்றான் அம்மாசி.

"ஆயிரம் பேருக்குன்னா கண்ணை மூடிக்கிட்டு வெச்சிடலாம்" என்றான் கருத்தமுத்து.

ஒச்சப்பன் ரொம்ப நேரம் யோசித்தான். "அப்ப ஆயிரம் பேருக்கே வைப்போம். அதுல ஒரு ஆள் பங்கை எடுத்து மாஸ்டருக்குக் கொடுத்துட்டா சரியாப் போச்சு!"

அடேயப்பா, என்ன மூளை என்று மற்ற இருவரும் வாயைப் பிளந்தார்கள். அப்புறம் என்ன? மூன்று அண்டா தண்ணீர், அதற்கு அந்த ஒரு பொட்டலம். விறகை அடுக்கி ஊதினார்கள்.

"ஆச்சாடா?" என்று உள்ளேயிருந்து மாஸ்டர் கேட்டார்.

"இன்னும் ரெண்டு அண்டா வத்தணும் மாஸ்டர்! நீங்க பாட்டுக்குப் படுங்க!"

எட்டு நாள் தூங்காத மூளையில் அண்டா எங்கே ஏறும்? "சரிடா" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஒரு வழியாக ஓர் அண்டா மிஞ்சியது. இறக்கப் போன அம்மாசியின் கையைக் கருத்தமுத்து பிடித்துக்கொண்டான். "தாளிக்காம இறக்குறதா? நம்ம அடுப்புல அந்தப் பழக்கமே கிடையாது!" கடுகு வெடித்தது. கறிவேப்பிலை, மிளகாய் வற்றல், பெருங்காயம், உப்பு எல்லாம் விழுந்தன. உப்பு மட்டும் அளவாக.

ஒரு டம்ளரில் மொண்டுகொண்டு உள்ளே போனால், மாஸ்டர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்! எட்டு நாள் அசதி, தானாகக் கண் அசந்துவிட்டது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து.

"ஐயையோ, மருந்து குடிக்காமலே தூங்கிட்டாரே!" என்றான் அம்மாசி.

"அரை மணி நேரம் முன்னாடி கொடுக்கணும்னுதானே வைத்தியர் சொன்னாரு? அந்த நேரம் போயிடுச்சே!" என்றான் கருத்தமுத்து.

"போனா திருப்பிக் கொண்டாந்துடலாம்" என்று ஒச்சப்பன் கடிகாரத்தைக் கழற்றி முள்ளைத் திருப்பினான். "இப்ப மணி நாலரை. மாஸ்டர் அஞ்சு மணிக்குத்தான் தூங்குவார்."

கருத்தமுத்து மாஸ்டரைக் குனிந்து பார்த்தான். "நாலரைக்கு இவர் முழிச்சில்ல இருந்தாரு?"

நியாயம்தானே! மூவரும் சேர்ந்து அவரை உலுக்கி எழுப்பினார்கள்.

வந்த தூக்கம் போயே போய்விட்டது. மாஸ்டர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு மூவரையும் மண்டபத்தை இரண்டு சுற்றுத் துரத்தினார். அப்புறம் மருந்தையும் தொடாமல் விடிய விடியக் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, கோவைப்பழமாகச் சிவந்த கண்ணோடு அடுப்படிக்கு வந்தார். மூலையில் ஓர் அண்டா. பழுப்பு நிறம், மேலே கடுகு மிதக்கிறது. 'ரசம் எப்ப வெச்சோம்?' என்று ஒரு நிமிஷம் தடுமாறினார். சரி, வைத்திருப்போம் என்று புளியைக் கரைத்து ஊற்றி, மிளகு தட்டிப் போட்டு ஒரு கொதி வரவிட்டு, கொத்துமல்லி தூவிப் பந்திக்கு அனுப்பிவிட்டார்.

"சொல்லிடலாமா?" என்று அம்மாசி கிசுகிசுத்தான்.

"எதுக்கு? ஆயிரம் பேருக்குன்னுதானே வெச்சோம். சரியாத்தான் போகுது" என்றான் ஒச்சப்பன்.

முதல் பந்தியில் நானும் இருந்தேன். பொய் சொல்லக் கூடாது, அப்படி ஒரு ரசத்தை நான் குடித்ததே இல்லை. உள்ளங்கையில் மூன்று தடவை வாங்கினேன்.

நல்லபெருமாள் அடுப்படிக்கே வந்துவிட்டார். "மாஸ்டர், அந்த ரசம் இருக்கே! என் சின்ன மகள் கல்யாணத்துக்கும் நீர்தான்!" என்று தோளைத் தட்டினார். பிறகு கூடத்துக்குப் போய், வெற்றிலையை வாயில் வைத்தபடியே பாயில் சாய்ந்து தூங்கிவிட்டார். சுற்றிலும் ஜனங்கள் வரிசையாகச் சாய்ந்தார்கள். வடை பாயசத்தோடு சாப்பிட்டால் யாருக்குத்தான் வராது?

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. பாரம் இறங்கிய நிம்மதியில் அரிசி மூட்டைமேல் சாய்ந்தார், அடுத்த நிமிஷமே குறட்டை. பார்த்த எனக்கே சந்தோஷமாக இருந்தது.

சுண்ணாம்பு தேடிக்கொண்டு திரும்ப அடுப்படிப் பக்கம் போனேன். மூவரும் கவலையோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கும் மருந்து குடிக்காமலே தூங்கிட்டாரே!"

"குடுக்கலாம்னா அண்டாவுல ஒரு சொட்டு இல்லையே."

"இன்னிக்கு இல்லை. நேத்து நாலரைக்கு நிறைய இருந்துச்சே!" என்றான் ஒச்சப்பன்.

உடனே சுவர்க் கடிகாரம் கீழே இறங்கியது. அம்மாசி முள்ளைப் பின்பக்கமாகச் சுற்றினான். கருத்தமுத்து டம்ளரோடு தயாராக நின்றான். ஒச்சப்பன் காலி அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

"இருபது சுத்து ஆச்சு. வந்துச்சா?" என்று அம்மாசி கேட்டான்.

"அடி ஈரமாத்தான் இருக்கு" என்று அண்டாவுக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஊறிக்கிட்டு இருக்கு போல. நிறுத்தாம சுத்துடா!"