புரைக்குப் பின்னால்

செல்லக்கனி என்ற கருவாட்டு வியாபாரியின் கண்ணுக்குள், பின்சுவரை ஒட்டி, ஒரு விழித்திரை குடியிருந்தது. சர்க்கரை வியாதி அதன் ரத்தக்குழாய்களை அரித்து அங்கங்கே கசியவிட்டிருந்தது. திரை கத்தாத நாளில்லை. ஆனால் முன்வாசலில் கண்புரை கல்லாக இறுகி நின்றது. வெளிச்சம் உள்ளே வராது, திரையின் கூப்பாடும் வெளியே போகாது. இப்படியே விட்டால் ஒரேயடியாக அவிந்துபோவோம் என்று அதற்குத் தெரியும். பாவம், யாரிடம் போய்ச் சொல்லும்? ஊரே புரையைத்தான் திட்டிக்கொண்டிருந்தது.

ஆபரேஷன் நாளன்று, தட்டில் கிடந்த கத்தியும் மிஷின் ஊசியும் முட்டிக்கொண்டன.

“பொட்டளவு துளை போதும் எனக்கு. உள்ளேயே புரையை உடைச்சு உறிஞ்சிடுவேன்” என்றது ஊசி.

“இந்தக் கல்லை நீ உடைச்சு முடிக்கிறதுக்குள்ள கண்ணே கலங்கிப் போகும். நான் வாசலைக் கொஞ்சம் அகலமாத் திறந்து முழுசா எடுத்துடுவேன்” என்றது கத்தி.

“போடா பழைய பஞ்சாங்கம்!”

“வாடா பகட்டுக்காரா!”

“ஐயா, சண்டையை அப்புறம் வெச்சுக்குங்க. யாராவது ஒருத்தர் சீக்கிரம் திறங்க” என்று கெஞ்சியது திரை. இரண்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

டாக்டர் நசீமா புரையின் இறுக்கத்தைப் பார்த்துவிட்டுக் கத்தியை எடுத்தார். கத்திக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள். எழுத்துப் பலகையில் மேல் எழுத்தை மட்டும் செல்லக்கனி தட்டுத்தடுமாறிப் படித்தாள். மற்றதெல்லாம் மங்கல். மகன் ஜெபராசுக்கு வந்ததே கோபம்.

“மிஷின்ல பண்ணியிருந்தா எங்கம்மாவுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கும். கத்தியில கிழிச்சுக் கெடுத்துட்டீங்களே!”

“இனிமே கருவாட்டுல புழு இருக்கா இல்லையான்னு எப்படிய்யா பார்ப்பேன்?” செல்லக்கனி அழுதேவிட்டாள்.

“ஐயோ, கத்தி மேல குத்தமில்லை, சீக்கு எனக்குத்தான்” என்று பதறியது திரை.

நசீமா விளக்கை வைத்துக் குனிந்து கண்ணுக்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“பின்னால திரையில ரத்தம் கசியுது, மங்கல் அதனாலதான். நேத்து வரைக்கும் புரை மறைச்சதுல எனக்கு இது தெரியலை. இன்னைக்கே வைத்தியத்தை ஆரம்பிச்சா இருக்கிற பார்வையைக் காப்பாத்திடலாம். இன்னும் கொஞ்சம் தெளியக்கூட வாய்ப்பிருக்கு.”

ஜெபராசு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

இத்தனை வருஷத்தில் ஒரு மனிதர்கூட எட்டிப் பார்க்காத இடம் அது. திரைக்கு அழுகையும் வந்தது, பேச்சும் நிற்கவில்லை. “இங்க பாருங்கம்மா, இந்த ஓரத்துலயும்...” என்று தன் காயங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தது.