நட்ட மரமும் திருப்பிய மேசையும்

"தேவசகாயம் பாஸ் பண்றதுக்குள்ள, நாம வாசல்ல நட்ட மரமே வளந்து நெழல் குடுத்துருமுங்க."

பேசியது மேலாளர் ரங்கதுரை. டீ மிஷினுக்குப் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

கதவுக்கு இந்தப் பக்கம், காலி டம்ளரோடு நின்றிருந்தார் தேவசகாயம். டீ பிடிக்காமலேயே திரும்பி நடந்தார்.

அவருக்கு நாற்பத்தேழு வயது. பசுமைக் கட்டட நிபுணர் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தார். அவர் வரைந்த பள்ளிக்கூடத்தின் வரைபடத்தில், வலது மூலையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. நிபுணர் பெயர் எழுத வேண்டிய கட்டம். மூன்றாவது முறையும் தோற்றால் அங்கே வேறு யாருடைய பெயரோ வரும். பள்ளிக்கூடமும் அந்த ஆளுடையதாகிவிடும்.

அன்று மாலை மூன்று நோட்டுகளோடு மேல்மாடி அலுவலகத்துக்கு மெஹரைப் பார்க்கப் போனார்.

மெஹருக்கு இருபத்தெட்டு வயது. கட்டி முடித்த கட்டடங்களுக்குப் போய், சொன்னபடி இருக்கிறதா என்று அளந்து பார்ப்பது அவள் வேலை. வகுப்பு எடுக்க மாட்டாள். குறிப்பு கொடுக்க மாட்டாள். ஆனாலும் அவளிடம் போனவர்கள் தேறிவிடுகிறார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது.

"டீச்சர், எல்லாம் மனப்பாடம். எங்க வேணாலும் கேளுங்க."

மெஹர் நோட்டுகளைத் திறக்கவில்லை.

"எந்தப் பாடத்துல சார் மார்க் போச்சு?"

"பகல் வெளிச்சம். ரெண்டு தடவையும் அதேதான்."

"எங்க உக்காந்து படிக்கிறீங்க?"

"வீட்லதான்."

"பாக்கலாமா?"

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்தாள். வெளியே நல்ல வெயில். தேவசகாயத்தின் மனைவி ஸ்டெல்லா எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்.

படிக்கிற அறையில் பெரிய ஜன்னல். அதில் தடித்த திரை, ஓரம் வரை இழுத்து மூடியிருந்தது. மேலே இரண்டு டியூப்லைட்டுகள் எரிந்தன. மேசையில் 'பகல் வெளிச்சம்' பாடம் திறந்திருந்தது. நான்கு வண்ணங்களில் அடிக்கோடு.

மெஹர் சுவிட்சை அணைத்தாள்.

"ஐயோ, ஒண்ணும் தெரியலையே டீச்சர்."

"ஆமா சார்."

பையிலிருந்து செல்லோடேப்பை எடுத்து, சுவிட்சின் மேல் குறுக்காக இரண்டு துண்டு ஒட்டினாள்.

"பரீட்சை வரைக்கும் பகல்ல இதைத் தொடாதீங்க."

ஜூஸைக் குடித்தாள். போய்விட்டாள்.

"இவ்வளவுதானா?" என்றார் ஸ்டெல்லா.

மறுநாள் தேவசகாயம் திரையை விலக்கினார். வெயில் புத்தகத்தின் மேல் விழுந்தது. பக்கம் வெள்ளையாய்ப் பளிச்சிட்டது, எழுத்து தெரியவில்லை. நாற்காலியை எதிர்ப்பக்கம் போட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவருடைய நிழலே புத்தகத்தை மூடியது.

போன் செய்தார்.

"கண்ணு கூசுது டீச்சர்."

"அப்போ?"

"திரையை மூடினா இருட்டு."

"அப்போ?"

"அப்போன்னா? இன்னும் பத்து நாள்தான் இருக்கு!"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

கோபத்தோடு திரும்பியபோது கூடத்தில் ஸ்டெல்லா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். ஜன்னலைப் பார்த்தும் உட்காரவில்லை, முதுகைக் காட்டியும் உட்காரவில்லை. தோள்பட்டை ஜன்னல் பக்கம். நூல் முதல் முயற்சியிலேயே உள்ளே போனது.

தேவசகாயம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க? பட்டன் எதும் அந்துருச்சா?"

"எந்திரி. மேசையைப் பிடி."

ஒரு முனையை அவர் பிடித்தார். மறுமுனையை ஸ்டெல்லா பிடித்தார். மேசை திரும்பியது. ஜன்னல் இடது பக்கம் வந்தது. திரையை முக்கால் வரை திறந்து, உட்கார்ந்து, ஒரு பக்கம் படித்தார். இன்னொரு பக்கம் படித்தார்.

பிறகு புத்தகத்தை மூடிவிட்டுப் பள்ளிக்கூடத்தின் வரைபடத்தை விரித்தார்.

மறுநாள் மேல்மாடிக்கு ஓடினார்.

"டீச்சர், என் வகுப்பறையில கரும்பலகைச் சுவத்துலயே ஜன்னல் வச்சிருக்கேன். பிள்ளைங்க முழு நாளும் அதைப் பாத்துதான் உக்காரணும். கண்ணு கூசும். திரையை மூடிடுவாங்க. லைட்டைப் போட்டுடுவாங்க."

"பரீட்சைக்கு ஒம்பது நாள்தானே சார் இருக்கு?"

"பரீட்சை கிடக்கட்டும். பதினாறு வகுப்பறை, டீச்சர்!"

மெஹர் முதல் முறையாகச் சிரித்தாள்.

நான்கு நாட்கள் தேவசகாயம் பாடத்தைத் தொடவில்லை. பதினாறு வகுப்பறைகளுக்கும் ஜன்னலை இடம் மாற்றி வரைந்தார்.

தேர்வு மையத்தின் கணினியில் முப்பத்தோராவது கேள்வி இப்படி இருந்தது: ஓர் அலுவலகத்தில் பெரிய ஜன்னல்கள் உள்ளன. ஆனாலும் பகல் முழுவதும் விளக்கு எரிகிறது. முதலில் என்ன செய்வீர்கள்?

நான்கு விடைகள். குறைந்த மின்சாரத்தில் எரியும் விளக்குகளை மாட்டலாம் என்பது முதலாவது. சென்ற இரண்டு முறையும் இது போன்ற கேள்விக்கு அதைத்தான் தொட்டிருந்தார்.

இந்த முறை நான்காவதைத் தொட்டார். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் ஏன் திரையை மூடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

கடைசிக் கேள்வி முடிந்ததும் கணினித் திரையில் ஒரு சக்கரம் சுற்றியது. நின்றது.

தேர்ச்சி.

தேவசகாயம் எழுந்து நின்று இரண்டு கைகளையும் தூக்கி, "ஸ்டெல்லா!" என்றார்.

"சார், சார், உள்ள இன்னும் எழுதறாங்க" என்று காவலாளி ஓடிவந்தார். முகத்தைப் பார்த்துவிட்டு, "பாஸுங்களா?" என்று அவரும் சிரித்தார்.

வெளியே வந்து மெஹருக்குப் போன் செய்தார்.

"பாஸ், டீச்சர்! டேப்பை எடுத்துடலாமா?"

"பகல்லயா சார்?"

திங்கட்கிழமை மதியம் கூட்ட அறையில் ரங்கதுரை வரைபடத்தைத் தேவசகாயத்தின் பக்கம் தள்ளினார்.

"சந்தோசமுங்க. மூலையில உங்க பேரையே எழுதிருங்க."

"மரம் இன்னும் இடுப்பளவுகூட வளரலீங்க சார். காலையில பாத்துட்டுத்தான் வந்தேன்."

ரங்கதுரையின் முகம் சிவந்தது. "அட, அது சும்மா ஒரு பேச்சுக்கு... உங்க காதுல விழுந்துருச்சுங்களா?"

"விழுந்ததாலதான் பாஸ் பண்ணினேன்."

அறை முழுக்கச் சிரித்தது. ரங்கதுரையும் சிரித்தார். பேனாவை நீட்டினார்.

"இந்த வெளிச்சத்துல வேண்டாங்க" என்றார் தேவசகாயம்.

எழுந்து போய் ஆறு டியூப்லைட்டுகளையும் அணைத்தார். நீள ஜன்னலின் திரையை விலக்கினார். வெயில் பாய்ந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்கள்.

"ஏனுங்க, கண்ணே திறக்க முடியலையே" என்றார் ரங்கதுரை.

தேவசகாயம் திரும்பி வந்தார். நீளமான மேசையின் ஒரு முனையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

ரங்கதுரை மேசையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். எழுந்து, முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டு, மறுமுனையைத் தூக்கினார்.